உடம்புக்குள் குடியிருக்கும் காளான்! அதை அடக்கிய அம்மையாரின் கதை

அமெரிக்காவில் ஊறுகாயும் பழப்பாகும் போட்டு வைப்பதற்கு ஒரு வகைக் கண்ணாடி ஜாடி உண்டு. வாய் அகலமாக இருக்கும். மூடியைத் திருகி விட்டால் காற்றுப் புகாது. "மேசன் ஜாடி" என்று அதற்குப் பெயர்.

1948-ம் ஆண்டு முதல், நியூயார்க் நகரத்தில் இருந்து அத்தகைய ஜாடிகள் பார்சல் பார்சலாகத் தபாலில் போயின. எல்லாம் ஆல்பனி என்ற ஊருக்குப் போகும் பார்சல்கள். சில நாள் கழித்து ஆல்பனியில் இருந்தும் பார்சல்கள் திரும்பி வரும். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர் தூரம்.

தபால் மூட்டைக்குள் காதல் கடிதங்களோடும், கடை பில்லுகளோடும் அந்த ஜாடிகள் பயணம் செய்தன. ஜாடிக்குள் இருந்தது ஊறுகாய் அல்ல. மண்ணில் பிறந்த நுண்ணுயிர்கள்!

அனுப்பியவர் ஒரு பெண்மணி. பெயர் எலிசபெத் ஹேசன். அப்போது அவருக்கு வயது 63. பேரன், பேத்திகளோடு பொழுது போக்க வேண்டிய வயது என்று பலர் சொல்லுவார்கள். ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை அப்போதுதான் தொடங்கி இருந்தது.

அனாதைச் சிறுமி

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம். பருத்தி விளையும் பூமி. அங்கே ரிச் என்ற சின்ன ஊரில், 1885-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி எலிசபெத் பிறந்தார். "ரிச்" என்றால் இங்கிலீஷில் செல்வம் என்று பொருள். ஊர்ப் பெயரில்தான் செல்வம்!

நாலு வயது ஆவதற்குள் தாயும் போனாள்; தந்தையும் போனார். உடன் பிறந்த தம்பியும் சின்ன வயதிலேயே இறந்து போனான். எலிசபெத்தும் ஒரு சகோதரியுமே மிஞ்சினார்கள்.

முதலில் பாட்டி வீட்டில் கொஞ்ச காலம். பிறகு தந்தையின் உடன் பிறந்தவர், இருவரையும் லூலா என்ற பக்கத்து ஊருக்கு அழைத்துப் போனார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனாலும் இந்த இரு பெண்களையும் தம் பிள்ளைகளோடு பிள்ளைகளாகவே வளர்த்தார்.

படிப்பு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துப் பெண்கள் கல்லூரிக்குப் போவது அபூர்வம். எலிசபெத் போனார். 1910-ம் ஆண்டு மாநிலப் பெண்கள் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் வாங்கினார். அதோடு தையல் கலையில் ஒரு சான்றிதழும் வாங்கினார். விஞ்ஞானம் சோறு போடாவிட்டால் தையல் போடும் அல்லவா?

தையல் தேவைப்படவில்லை. ஜாக்சன் நகரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. பௌதிகமும் உயிரியலும் சொல்லிக் கொடுத்தார். கோடை விடுமுறை வந்தால் மற்ற ஆசிரியைகள் ஊருக்குப் போவார்கள். அவர் வேறு சர்வகலாசாலைகளுக்குப் போய்ப் படிப்பார்.

1916-ம் ஆண்டு, 31-வது வயதில், வேலையை விட்டு விட்டு நியூயார்க் நகருக்குப் போனார். கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். மறு ஆண்டே எம்.ஏ. பட்டம். முதல் உலகப் போர் வந்தது. ராணுவ முகாம்களின் பரிசோதனைச் சாலைகளில் வேலை செய்தார். பிறகு ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலை. மீண்டும் கொலம்பியா. 1927-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றபோது வயது 42.

துப்பறியும் அம்மையார்

1931-ம் ஆண்டு, நியூயார்க் மாநில சர்க்காரின் சுகாதார இலாகா பரிசோதனைச் சாலையில் சேர்ந்தார். நியூயார்க் நகரக் கிளையில் வேலை.

போலீஸ்காரர் கொலைகாரனைத் தேடுவது போல, நோய் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்கும் வேலை அது. ஒரு சமயம் அடைப்பான் நோய் பரவியது. ஆடு, மாடுகளுக்கு வரும் நோய். மனிதனுக்கு எப்படி வந்தது? தேடிக் கொண்டே போனார். பிரஷ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் போய் முடிந்தது. மிருகங்களின் மயிரில் தொற்றிக் கொண்டு கிருமி உள்ளே வந்திருக்கிறது!

இப்படியே 13 ஆண்டுகள் ஓடின.

1944-ம் ஆண்டு மேலதிகாரி ஒரு புது வேலை கொடுத்தார். மனிதனுக்கு நோய் உண்டாக்கும் காளான்களைப் பற்றி ஆராய வேண்டும் என்றார்.

ஹேசன் அம்மையாருக்குக் காளானைப் பற்றி அதிகம் தெரியாது. அதற்காக வெட்கப்படவில்லை. மீண்டும் கொலம்பியாவுக்குப் போனார். அங்கே ரோடா பென்ஹாம் என்ற பெண்மணி காளான் ஆராய்ச்சியில் நிபுணர். ஹேசனை விடப் பல ஆண்டுகள் இளையவர். அவரிடம் மாணவியாக உட்கார்ந்தார். அப்போது வயது 59!

யார் இந்தக் காளான்?

காளான் என்றதும் மழைக்குப் பிறகு குப்பைமேட்டில் முளைக்கும் குடைதான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. மழைக் காலத்தில் தோல் செருப்பில் பூக்கிறதே பூசணம், அதுவும் காளான்தான். பழைய ரொட்டியில் பஞ்சு போலப் படர்வதும் அதுதான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இவற்றில் சில, மனிதனுடைய உடம்பையே வீடாகக் கொண்டு வாழ்கின்றன. நோயாளி உடம்பில் மட்டும் அல்ல. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவன் உடம்பிலும்!

நம் தோலின் மேல் ஒரு காளான் இருக்கிறது. அதற்கு எண்ணெய்ப் பசைதான் உணவு. தலையிலும் முகத்திலும் முதுகிலும் கசியும் எண்ணெயைச் சாப்பிட்டுக் கொண்டு, சத்தம் இல்லாமல் வாழும். அது அளவு மீறும்போதுதான் பொடுகும் தேமலும் தலைகாட்டும்.

வாய்க்குள்ளும் குடலுக்குள்ளும் இருப்பது வேறொன்று. அதன் பெயர் "காண்டிடா அல்பிகன்ஸ்". லத்தீன் மொழியில் முதற்பாதிக்கும் வெள்ளை என்றே பொருள். பிற்பாதிக்கும் வெள்ளை என்றே பொருள். பெயர் வைத்தவருக்கு வெள்ளையின் மேல் அவ்வளவு ஆசை!

குழந்தை பிறக்கும்போதோ, பிறந்த சில நாளிலோ தாயிடம் இருந்து இந்தக் காளான் குழந்தைக்கு வந்து விடும். அன்று குடியேறினால் ஆயுள் முழுவதும் குடியிருக்கும். பெரும்பாலோருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்தான். ஆனால் சண்டை போடாத குடித்தனக்காரர்.

வாடகை கொடுக்காதவர் என்று சொல்வது கூட முழு உண்மை அல்ல. குடலில் இருக்கும் காளான், உடம்பின் காவல் படைக்குப் பயிற்சி கொடுக்கிறது என்று அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாள்தோறும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய காவல் படை, வெளியில் இருந்து வரும் வேறு காளான்களையும் அடையாளம் கண்டு விரட்டுகிறது.

அக்கம் பக்கத்தார்

இந்தக் குடித்தனக்காரர் ஏன் ஒழுங்காக இருக்கிறார்? நல்ல குணத்தினால் அல்ல. அக்கம் பக்கத்தாருக்குப் பயந்துதான்!

குடலில் கோடானு கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. இடத்தை எல்லாம் அவை பிடித்துக் கொண்டு இருக்கின்றன. சாப்பாட்டையும் அவையே பங்கு போட்டுக் கொள்கின்றன. போதாததற்கு, காளானுக்குப் பிடிக்காத அமிலங்களையும் சுரக்கின்றன. காளான் தன் மூலையில் அடங்கி இருக்க வேண்டியதுதான்.

அந்தப் பாக்டீரியாக்கள் திடீரென்று ஒழிந்து போனால்?

காளானுக்குக் கொண்டாட்டம்! உருண்டை மணிகள் போல இருந்தது நூல் நூலாக நீளும். சதைக்குள் வேர் விடுவது போல இறங்கும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் படிந்தது போல வெள்ளை வெள்ளையாகப் படரும். துடைத்தால் உள்ளே சிவந்து ரணமாக இருக்கும். தொண்டைக்கும் இறங்கி விட்டால் எச்சில் விழுங்கக் கூட முடியாது. பெண்களுக்கு மர்ம உறுப்பில் அரிப்பும் எரிச்சலும் உண்டாகும். மிகவும் பலவீனமானவர்களுக்கு இரத்தத்திலும் கலக்கும். அப்படிக் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்தினால் வந்த வினை

பாக்டீரியாக்கள் ஏன் திடீரென்று ஒழியப் போகின்றன?

1940-களில் உலகத்துக்குப் பெரிய வரப்பிரசாதம் ஒன்று கிடைத்தது. பெனிசிலின்! அதையடுத்து ஸ்டிரெப்டோமைசின் வந்தது. 1948-ம் ஆண்டு இன்னும் பலவகைக் கிருமிகளைக் கொல்லும் ஆரியோமைசின் வந்தது. நிமோனியாவில் சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். டாக்டர்களுக்கும் மகிழ்ச்சி, ஜனங்களுக்கும் மகிழ்ச்சி.

இந்த மருந்துகளுக்கு ஆண்டிபயாடிக் என்று பெயர். இவை பாக்டீரியாவைக் கொல்லும். நோய் தரும் பாக்டீரியா எது, காளானை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியா எது என்று அவற்றுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கொல்லும். ஆனால் காளானை ஒன்றும் செய்யாது. காளானின் உடலமைப்பு வேறு.

ஆகவே, ஒரு நோயில் இருந்து பிழைத்த நோயாளி சில பேர் இன்னொரு நோயில் மாட்டிக் கொண்டார்கள். நிமோனியா போயிற்று, வாயெல்லாம் வெள்ளைப் படை வந்தது. அதற்குக் கொடுக்க டாக்டரிடம் நல்ல மருந்து இல்லை. இருந்தவை தோலில் தடவும் மருந்துகளும், வாயில் பூசும் சாயங்களும்தான்.

காளானைக் கொல்லும் பொருள்கள் இல்லாமல் இல்லை. அவை மனிதனையும் சேர்த்துக் கொன்று விடும்! அதுதான் சிக்கல். பாக்டீரியாவுக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. காளானுக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமை அவ்வளவு பெரிது அல்ல. காளானின் உயிரணு, பல விஷயங்களில் நம் உயிரணுவைப் போலவே இருக்கிறது. குடித்தனக்காரரை அடிக்க ஓங்கிய கை, வீட்டுக்காரர் மேலும் விழும்.

மண்ணைத் தேடி

ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்தைக் கொடுத்தது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். மண்ணுக்குள் ஓயாத சண்டை நடக்கிறது. ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் இடத்துக்காகப் போராடுகின்றன. ஒன்றை ஒன்று ஒழிக்க விஷம் கக்குகின்றன. அந்த விஷங்களில் இருந்துதான் மனிதன் மருந்து எடுத்தான்.

பாக்டீரியாவைக் கொல்லும் விஷம் மண்ணில் இருந்தால், காளானைக் கொல்லும் விஷமும் இருக்கத்தானே வேண்டும்? ஹேசன் அம்மையார் இப்படி எண்ணினார். 1948-ம் ஆண்டு தேடலைத் தொடங்கினார்.

ஆனால் ஒரு குறை. மண்ணில் இருந்து நுண்ணுயிரைப் பிரித்து வளர்க்க அவருக்குத் தெரியும். அது கக்கும் விஷத்தைத் தனியே பிரித்து எடுப்பது ரசாயன நிபுணர் வேலை. அது அவருக்குத் தெரியாது. அதே இலாகாவின் ஆல்பனி பரிசோதனைச் சாலையில் ஒரு ரசாயன நிபுணர் இருந்தார். அவரும் பெண். பெயர் ரேச்சல் பிரவுன்.

இரண்டு பெண்கள்

ரேச்சல் பிரவுன் 1898-ம் ஆண்டு பிறந்தவர். ஹேசனை விட 13 வயது இளையவர். அவரும் கஷ்டத்தில் வளர்ந்தவர். சிறுமியாக இருக்கும்போதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய் விட்டார். தாய் வேலை செய்து காப்பாற்றினாள். பாட்டியின் தோழியான ஒரு செல்வச் சீமாட்டி கல்லூரிப் பணம் கட்டினார்.

சிகாகோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி எழுதிக் கொடுத்தார். வாய்மொழிப் பரீட்சை தள்ளிக் கொண்டே போயிற்று. கையில் காசு தீர்ந்தது. பட்டம் வாங்காமலேயே 1926-ம் ஆண்டு ஆல்பனியில் வேலைக்கு வந்து விட்டார். ஏழு ஆண்டு கழித்துத்தான் போய்ப் பட்டம் வாங்கினார்.

ஒருவர் நியூயார்க்கில். மற்றவர் ஆல்பனியில். இருவரையும் இணைத்தது தபால் இலாகா!

வேலை நடந்த விதம் இதுதான். எங்காவது இருந்து மண் வரும். ஹேசன் அதில் உள்ள நுண்ணுயிர்களை வளர்ப்பார். இரண்டு காளான்களை எதிரே நிறுத்துவார். ஒன்று நம் வாயில் குடியிருக்கும் காண்டிடா. மற்றது கிரிப்டோகாக்கஸ், மூளைக்குப் போய் ஆளைக் கொல்லும் கொடிய காளான். எந்த நுண்ணுயிராவது இந்த இரண்டையும் வளர விடாமல் தடுத்தால், அதை ஜாடியில் அடைத்து ஆல்பனிக்கு அனுப்புவார்.

பிரவுன் அந்த ஜாடியைத் திறந்து, எந்தப் பொருள் காளானைத் தடுக்கிறது என்று வடித்துப் பிரிப்பார். பிரித்ததை மறு தபாலில் நியூயார்க்குக்கு அனுப்புவார். ஹேசன் அதை மீண்டும் காளான் மேல் சோதிப்பார். காளான் செத்தால், அடுத்தபடி சுண்டெலிக்குக் கொடுப்பார்.

அங்கேதான் தொல்லை. காளான் சாகும், சுண்டெலியும் செத்து விடும்!

நூற்றுக்கணக்கான மண் மாதிரிகளைப் பார்த்தார்கள். காளானைக் கொன்றவை பலவும் எலியையும் கொன்றன. ஜாடி போகும், வரும். எலி சாகும். அடுத்த ஜாடி போகும்.

பால் பண்ணை மண்

கடைசியில் கிடைத்த மண் எங்கே இருந்து வந்தது? ஏதோ தூர தேசத்துக் காட்டில் இருந்து அல்ல.

வர்ஜீனியா மாநிலத்தில் ஹேசனுக்கு நண்பர்கள் இருந்தார்கள். நர்ஸ் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். பால் பண்ணை வைத்திருந்தார்கள். விடுமுறைக்கு அங்கே போன அம்மையார், பண்ணை மண்ணில் கொஞ்சம் எடுத்துக் கொண்டு வந்தார். விருந்துக்குப் போன இடத்தில் மண் அள்ளுகிறவரை நண்பர்கள் என்ன நினைத்தார்களோ!

அந்த மண்ணில் இதுவரை யாரும் காணாத ஒரு நுண்ணுயிர் இருந்தது. அது இரண்டு பொருள்களைச் சுரந்தது. இரண்டுமே காளானைத் தடுத்தன. ஒன்று எலிக்கு விஷம், அதை ஒதுக்கினார்கள். மற்றதை எலிக்குக் கொடுத்தார்கள்.

காளான் செத்தது. எலி பிழைத்தது!

பண்ணைக்காரரின் பெயரையே நுண்ணுயிருக்கு வைத்தார்கள். "ஸ்டிரெப்டோமைசிஸ் நர்சி" என்று உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் அதைச் சொல்லுகிறார்கள்.

1950-ம் ஆண்டு அக்டோபர் மாதம், ஷெனெக்டடி நகரில் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டம் நடந்தது. இரு பெண்களும் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். பத்திரிகையில் செய்தி வந்ததுதான் தாமதம். மருந்துக் கம்பெனிகள் முண்டியடித்துக் கொண்டு வந்தன.

முதலில் வைத்த பெயர் வேறு. பிறகு, நியூயார்க் மாநிலத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்து "நிஸ்டாட்டின்" என்று மாற்றினார்கள். நுண்ணுயிருக்குப் பண்ணைக்காரர் பெயர். மருந்துக்கு மாநிலத்தின் பெயர். கண்டுபிடித்த இருவரின் பெயரும் எதிலும் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஒரு மெல்லிய தோல் உண்டு. காளானின் தோலில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. மனிதனுடைய உயிரணுத் தோலில் அது இல்லை. அதற்குப் பதிலாகக் கொலஸ்டிரால் இருக்கிறது.

நிஸ்டாட்டின், எர்கோஸ்டிராலைத் தேடிப் பிடித்து ஒட்டிக் கொள்ளும். தோலில் துளை விழும். குடம் ஓட்டை ஆனது போல, காளானின் உள்ளே இருக்கும் சத்து எல்லாம் ஒழுகிப் போகும். காளான் சாகும். கொலஸ்டிராலோடு அது அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவது இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. மாத்திரையை விழுங்கினால் அது குடலில் இருந்து இரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. வாயில் இருந்து குடல் வரை, காளான் இருக்கும் வழியிலேயே நடந்து போய், வேலையை முடித்துக் கொண்டு வெளியே போய் விடும். மஞ்சள் நிற மருந்தாகப் பச்சைக் குழந்தையின் வாயிலும் சொட்டு விடலாம்.

எல்லாக் காளானையும் அது ஒழித்து விடும் என்று எண்ணக் கூடாது. படர்தாமரைக்கு இது கேட்காது. காளான் இரத்தத்தில் கலந்து விட்டாலும் இது உதவாது. ஊசி மூலம் ஏற்றினால் உடம்பு தாங்காது. அதற்கு வேறு மருந்து தேவைப்பட்டது. நிஸ்டாட்டினுக்குத் தம்பி போன்ற ஒரு மருந்து, தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் இருந்து 1950-களில் கிடைத்தது. ஆம்போடெரிசின் என்று அதற்குப் பெயர்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நிஸ்டாட்டின் சாப்பிட்டவர் உடம்பில் காண்டிடா அடியோடு இல்லாமல் போய் விடுவது இல்லை. கொட்டம் அடங்கும். அதற்குள் பாக்டீரியாக்கள் மீண்டும் வளர்ந்து பழைய இடத்துக்கு வந்து விடும். காளானும் பழையபடி தன் மூலைக்குப் போய் விடும்.

வேண்டாம் என்று சொன்ன பணம்

1954-ம் ஆண்டு ஸ்குவிப் கம்பெனி மருந்தைக் கடைக்குக் கொண்டு வந்தது. விற்பனை அமோகம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தோடு இதையும் சேர்த்தே மாத்திரை செய்தார்கள். 1957-ம் ஆண்டு அமெரிக்க சர்க்கார் உரிமைப் பத்திரம் கொடுத்தது.

உரிமைப் பத்திரம் என்றால் என்ன? மருந்து விற்கும் ஒவ்வொரு முறையும், கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு பங்கு சேரும். அப்படிச் சேர்ந்த தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல்!

இரண்டு பேருமே சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். இரண்டு பேருமே ஏழ்மை என்ன என்று அறிந்தவர்கள். நினைத்திருந்தால் மாளிகை கட்டி இருக்கலாம். ஒரு டாலர் கூட எடுத்துக் கொள்ளவில்லை.

பாதிப் பணம், விஞ்ஞான ஆராய்ச்சிக்கு உதவும் ஒரு ஸ்தாபனத்துக்குப் போயிற்று. மீதிப் பாதியைக் கொண்டு பிரவுன்-ஹேசன் நிதி ஏற்பட்டது. உயிரியல் ஆராய்ச்சிக்கும், முக்கியமாகக் காளான் நோய் ஆராய்ச்சிக்கும் அந்த நிதி 1978-ம் ஆண்டு வரை உதவியது. காளான் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க ஆள் அதிகம் இல்லாத காலம் அது. பல இளைஞர்களும் பெண்களும் அந்த நிதியில் படித்து நிபுணர் ஆனார்கள்.

ஓவியத்துக்கும் மருந்து

1966-ம் ஆண்டு நவம்பர் மாதம், இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் பெரிய வெள்ளம் வந்தது. ஆர்னோ நதி கரை புரண்டது. பல நூற்றாண்டுக் காலத்து ஓவியங்கள் சேற்று நீரில் மூழ்கின. எடுத்து வைத்தால் ஈரத்தில் பூசணம் பூத்தது.

அந்தப் பூசணத்தை ஒழிக்க நிஸ்டாட்டினைப் பயன்படுத்தினார்கள். குழந்தையின் நாக்கைக் காப்பாற்றிய மருந்து ஓவியங்களையும் காப்பாற்றியது.

விளம்பரம் பிடிக்காதவர்

ஹேசன் அம்மையார் பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்கிப் போவார். போட்டோ எடுத்துக் கொள்வதும் பிடிக்காது. பரிசுகள் வந்தால் பிரவுனோடு சேர்ந்து வாங்கிக் கொள்வார். மறுநாள் வேலைக்குப் போய் விடுவார்.

1954-ம் ஆண்டு நியூயார்க் நகரக் கிளையை மூடி விட்டார்கள். அவர் ஆல்பனிக்கே மாறிப் போனார். தபால் ஜாடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1960-ம் ஆண்டு, 75-வது வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். மீண்டும் கொலம்பியாவுக்குப் போய், தாம் 59 வயதில் மாணவியாகப் படித்த காளான் ஆராய்ச்சிச் சாலையிலேயே வேலை பார்த்தார். 1973-ம் ஆண்டு வரை போய் வந்து கொண்டிருந்தார். அப்போது வயது 88.

சியாட்டில் நகரில் இருந்த சகோதரிக்கு உடல்நலம் இல்லை என்று தெரிந்து பார்க்கப் போனார். லூலா கிராமத்தில் பெரியவர் வீட்டில் கூட வளர்ந்த அதே சகோதரி. போன இடத்தில் இவருக்கும் உடம்பு தளர்ந்தது. அங்கேயே தங்கி விட்டார்.

1975-ம் ஆண்டு அமெரிக்க ரசாயன நிபுணர்கள் சங்கம், இருவருக்கும் முன்னோடி விருது கொடுத்தது. அதுவரை அந்த விருதைப் பெண் யாரும் வாங்கியது இல்லை. அதே ஆண்டு ஜூன் 24-ந் தேதி ஹேசன் அம்மையார் சியாட்டிலில் காலமானார். வயது 89.

பிரவுன் அம்மையார் மேலும் நாலரை ஆண்டு வாழ்ந்தார். 1980-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆல்பனியில் இறந்தார். 1994-ம் ஆண்டு, அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர்கள் மண்டபத்தில் இருவர் பெயரையும் சேர்த்தார்கள். நிஸ்டாட்டின், உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது.